இனாம் படிக்கட்டு

ஜமால் முகமது பேரம் பேசுவதை விட்டுவிட்டார் என்ற செய்தி லப்பைக்குடிகாட்டில் மீன்காரியிடமிருந்துதான் கிளம்பியது. அவள் கெளுத்திக்கு வாயில் வந்த விலையைச் சொல்லிவிட்டு, பாய் வழக்கம்போல் பாதியிலிருந்து ஆரம்பிப்பார் என்று இடுப்பில் கை வைத்து நின்றிருக்கிறாள். அவர் "சரி" என்று பையை நீட்டினார். தன் மீனில்தான் ஏதோ கோளாறோ என்று அவள் அதை எடுத்து முகர்ந்து பார்த்தாளாம். அடுத்து கறிக்கடை, அப்புறம் பழக்கடை. அந்த வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் ஒருவர் அவரைத் தூணோரம் அழைத்து, திருச்சியில் நல்ல டாக்டர் இருக்கிறார், வெளியே தெரியாமல் போய்க் காட்டிவிட்டு வரலாம் என்றார். பாய் அதற்கும் சரி என்றார். ஆனால் போகவில்லை.

அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. குவைத்தில் கிடந்து சம்பாதித்து வந்து பெரம்பலூரில் பாத்திரக் கடை போட்டவர். விலைச் சீட்டு ஒட்டி விற்கும் ஏசி கடைக்குள் போய், சீட்டைப் படித்துவிட்டு, இது நீங்கள் ஆரம்பிக்கிற விலையா என்று விற்பனைப் பெண்ணைக் கேட்டவர். அவருக்கும் ஒரு படி மேல் அவர் மனைவி ஜைனம்பு. அவர் வாயால் பேரம் பேசினால் அவள் காலால் பேசுவாள். எழுந்து செருப்பை மாட்டுவாள், அவ்வளவுதான். கடைக்காரர்கள் தெருவரைக்கும் பின்னால் வருவார்கள். பாய் வெளியூரில் எதை வாங்கினாலும், எதை விற்றாலும், கையோடு அவளுக்குப் போன் போட்டு விலையைச் சொல்லுவார். எந்த விலைக்கும் அவளிடம் ஒரே பதில்தான்: "இன்னும் கொஞ்சம் இழுத்திருக்கலாம்." அதைக் கேட்ட பிறகுதான் அவருக்கு வியாபாரம் முடிந்த மாதிரி.

போன வருஷம் நோன்பு பிறக்கும் முன்பு, ஒரு விடிகாலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள், ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் மௌத்தாகிவிட்டாள். பாய் அழவில்லை. வந்தவர்கள் அதை சபூர் என்று சொல்லிப் புகழ்ந்தார்கள். அது பொறுமையும் இல்லை, ஒன்றும் இல்லை. பல் பிடுங்குவதற்கு முன் டாக்டர் ஊசி போட்டதும் கன்னம் மரத்துப்போகுமே, தன் கன்னத்தைத் தானே தொட்டாலும் அடுத்தவன் கன்னம் மாதிரி இருக்குமே, அதுதான். அந்த மரமரப்பு சாயங்காலம் இறங்கிவிடும். இவருக்கு இன்னும் இறங்கவில்லை.

மிச்சம் நின்றது ஒரு கேரவன். சினிமாக்காரர்கள் படப்பிடிப்புக்குக் கொண்டுவருவார்களே, அந்த மாதிரி. பழைய கல்லூரிப் பஸ் ஒன்றை ஏலத்தில் எடுத்து, கரூரில் பாடி கட்டுகிறவரிடம் விட்டு, உள்ளே இரண்டு கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் வைத்துக் கட்டியது. அஜ்மீர் வரைக்கும் போய் வருவது என்று புருஷன் பெண்டாட்டி இருவரும் திட்டம் போட்டிருந்தார்கள். நாகூர் ஒரு தடவை போய் வந்தார்கள். அத்தோடு வண்டி வீட்டு வாசலில் நின்றுவிட்டது.

ஷார்ஜாவில் இருக்கும் மகள் ஃபைஸா நாளை மறுநாள் வருகிறாள். உம்மா போன பிறகு இப்போதுதான் ஊருக்கு வருகிறாள். போனில் அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "அத்தா, நான் வர்றதுக்குள்ள அந்த வண்டிய அனுப்பிருங்க. அது நிக்கிற வாசல்ல என்னால எறங்க முடியாது." பாய் சரி என்றார். ஆனால் இந்தச் சரி மற்ற சரிகளைப் போல் வாயோடு போகவில்லை. மகளுக்காக அவரால் செய்ய முடிந்தது இது ஒன்றுதான் என்று அவருக்குத் தோன்றியிருந்தது.

வாங்குவதற்கு அரியலூரில் ஆள் கிடைத்தாள். கமலவேணி என்று பெயர். பந்தல், நாற்காலி, ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிறவள். ஊர்ப்பக்கம் மண்டபம் இல்லாத கல்யாணங்களில் பெண்ணை அலங்காரம் பண்ண ஒரு ஏசி அறை சக்கரத்தில் ஓடி வந்தால் வாடகை எப்படி ஏறும் என்று அவள் மனக்கணக்குப் போட்டு முடித்திருந்தாள். ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். இன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் வண்டி வர வேண்டும். நாளை அஷ்டமி, அதற்கடுத்து நவமி. இரண்டு நாளும் அவள் புதிதாக ஒரு செங்கல்கூட வாங்க மாட்டாள். அதற்குப் பிறகென்றால் ஜெயங்கொண்டத்தில் வேறொரு வண்டி இருக்கிறது, அதைப் பார்த்துக்கொள்வாள்.

ஆக, இன்று பொழுதுக்குள் விற்றால் உண்டு. இல்லாவிட்டால் ஃபைஸா அந்த வாசலில்தான் இறங்க வேண்டும்.

டிரைவர் அய்யம்பெருமாள். அரும்பாவூர்க்காரர், முன்பு சிமென்ட் லாரி ஓட்டியவர், கேரவன் வந்த நாளிலிருந்து பாயோடு இருக்கிறார். பெரம்பலூரில் டீசல் போட்டுக்கொண்டு அரியலூர் சாலையைப் பிடித்தார்கள். குன்னம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வண்டிக்கு அடியிலிருந்து புஸ்ஸென்று சத்தம் வந்தது. எச்சரிக்கை பஸர் கத்தியது. காற்று மீட்டரின் முள் சரிந்தது. அய்யம்பெருமாள் கெட்ட வார்த்தை ஒன்றைப் பாதியில் விழுங்கிவிட்டு வண்டியைச் சாலையோரம் ஒதுக்கினார். ஒதுக்கி முடிப்பதற்கும் பின் சக்கரங்கள் தரையோடு இறுகிப்போவதற்கும் சரியாக இருந்தது. அதற்கு மேல் வண்டி அசையவில்லை.

கீழே இறங்கிக் குனிந்து பார்த்துவிட்டு வந்து, பின் பிரேக்குக்குப் போகிற ஏர் ஹோஸ் வெடித்துவிட்டது என்றார். கேட்காத ஆளுக்கும் விளக்கம் சொல்லாமல் அய்யம்பெருமாளால் இருக்க முடியாது.

"எல்லாரும் காத்து போனா பிரேக் புடிக்காதும்பாங்க மொதலாளி. இதுல தலகீழு. உள்ள ஒரு ஸ்பிரிங்கு எப்பவும் சக்கரத்த இறுக்கத்தான் பாக்கும். காத்துதான் அத தள்ளி வெச்சிருக்கு. காத்து போச்சுன்னா அது பாட்டுக்குப் புடிச்சிக்கும். நாம ஒதைச்சாலும் உடாது."

"சரி" என்றார் பாய்.

சிமென்ட் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் கேரவன்மேல் வெள்ளையாக ஒரு பூச்சு பூசிவிட்டுப் போனது. அய்யம்பெருமாள் சக்கரங்களுக்குக் கல் அண்டக் கொடுத்துவிட்டு, பழக்கமான மெக்கானிக் ஒருவருக்குப் போன் போட்டார். செந்தில்குமார் பைக்கில் வந்தார். பட்டறை வாசலில் கேரவன் என்று ஒன்று இதுவரை வந்ததில்லை என்ற சந்தோஷத்தில், முதலில் உள்ளே ஏறி அடுப்பையும் கட்டிலையும் பார்த்தார். இதற்கு வாடகை கட்டியாவது தன் சம்சாரத்தை ஒருநாள் உட்கார வைக்க வேண்டும் என்றார். பிறகு சாக்கு விரித்து வண்டிக்கு அடியில் படுத்தார். ஹோஸைக் கழற்றிக்கொண்டு வெளியே வரும்போது முகம் மாறியிருந்தது.

ரப்பர் ஒரு பக்கமாகத் தேய்ந்து, உள்ளே நூல் தெரிந்து, அந்த இடத்தில் கிழிந்திருந்தது. எலி கடிக்கவில்லை, கல்லும் அடிக்கவில்லை. பக்கவாட்டுக் கதவுக்குக் கீழே ஒரு இரும்புப் படி இருந்தது. அதைத் தாங்கும் பட்டையின் முனை ஹோஸ்மேல் உரசி உரசியே அறுத்திருக்கிறது.

"எவன் பாய் இந்தப் படிய வெச்சான்? கம்பெனி டிசைன்லயே இது கெடையாது. அறுத்து எறிஞ்சாத்தான் சரிப்படும்."

அந்தப் படி எப்படி வந்தது என்று பாய்க்குத் தெரியும். ஜைனம்புவுக்கு முழங்கால் வலி. கரூரில் பாடி கட்டுகிறவர் படிக்குத் தனி விலை சொன்னார். ஜைனம்பு பதில் பேசவில்லை. எழுந்தாள், செருப்பை மாட்டினாள், பட்டறை வாசல்வரை நடந்தாள். படி இனாமாக வந்தது. இனாமாகக் கொடுப்பவர் எந்த அழகில் வைப்பாரோ அந்த அழகில் வைத்திருந்தார்.

"அறுத்துரு" என்றார் பாய்.

அய்யம்பெருமாள் தரையைப் பார்த்தபடி, "அம்மா கேட்டு வாங்குன படி மொதலாளி" என்றார்.

"தெரியும். அறுக்கட்டும்."

இரும்பு அறுக்கக் கருவி ஏதும் கையில் இல்லை என்று செந்தில்குமார் சொன்னார். இப்போதைக்குப் பட்டை முனையைச் சம்மட்டியால் மடக்கி, புது ஹோஸைத் தள்ளிக் கொண்டுபோய்க் கிளிப் போட்டுவிடலாம், இடித்துக்கொள்ளாது, வாங்குகிறவர்கள் அறுத்துக்கொள்ளட்டும் என்றார். ஹோஸுக்கும் கூலிக்கும் சேர்த்து ஒரு தொகை சொன்னார். பாய் "சரி" என்றார்.

செந்தில்குமார் கிளம்பவில்லை. கிழிந்த ஹோஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். குழந்தையிடம் மிட்டாய் பிடுங்கியவர்போல் நெளிந்தார்.

"பாய், நீங்க லப்பக்குடிகாடுதானே?"

"ஆமா."

"நீங்க கொறப்பீங்கன்னு ஏத்திச் சொன்னேன். சட்டுனு சரின்னுட்டா நான் என்ன பண்றது?"

செந்தில்குமார் தன்னோடு தானே வழக்காடி, தானே கொஞ்சம் இறங்கி, அதிலும் மனம் ஆறாமல் இன்னொரு தடவை இறங்கி, பிறகுதான் பைக்கை உதைத்தார். கிழிந்ததை அளவுக்காகக் கையோடு கொண்டுபோனார். நீளம் கூடினால் தொங்கி வேறெங்காவது உரசும், குறைந்தால் சக்கரம் குதிக்கும்போது இழுபடும்.

அவர் திரும்பி வரும்வரை பாய் கேரவனுக்குள் உட்கார்ந்திருந்தார். எதிரே ஜைனம்புவின் கட்டில். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. அழுக்காகிவிடும், அஜ்மீர் போகும்போது பிரிக்கலாம் என்றிருந்தாள். கமலவேணி இரண்டு தடவை போன் செய்தாள். பொழுது நிற்காது பாய் என்றாள். சரி என்றார். ஜன்னலுக்கு வெளியே ஒரு பருத்திக் காடு இருந்தது. அதைப் பார்த்தார். பார்த்ததில் ஒன்றுமில்லை.

புது ஹோஸ் வந்தது. செந்தில்குமார் அடியில் படுத்து, ஒரு ஸ்பேனரால் ஹோஸ் முறுக்கிக்கொள்ளாமல் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் நட்டை இறுக்கினார். பட்டை முனையைச் சம்மட்டியால் மடக்கினார். படி அடி வாங்கும் சத்தம் வண்டி முழுக்கக் கேட்டது. அய்யம்பெருமாள் எஞ்சினைக் கிளப்பினார். முள் மெல்ல ஏறியது. கைப்பிரேக்கை விடுவித்ததும் கீழே சுஸ்ஸென்று காற்று ஏறிச் சக்கரம் இளகியது. கல் மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது. கசிவு இருக்கிறதா என்று பார்க்க நுரை போட வேண்டும், சோப்பு இருக்கிறதா என்று செந்தில்குமார் அடியிலிருந்தே கேட்டார்.

குளியலறையில் ஒரு சோப்பு இருந்தது. நாகூர் போனபோது ஜைனம்பு குளித்தது. காய்ந்து வெடித்திருந்தது. அதில் நரைமுடி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. பாய் அதைப் பார்த்தார். பெட்டியோடு எடுத்துக்கொண்டு வந்து, குனிந்து, வண்டிக்கு அடியில் நீட்டினார். செந்தில்குமார் தண்ணீர் விட்டுக் குழைத்தார். முடி விரலில் ஒட்டியது, கைலியில் துடைத்துக்கொண்டார். பூட்டிய இடங்களில் எல்லாம் நுரையைப் பூசிவிட்டு உற்றுப் பார்த்தார். பாயும் குந்தி உட்கார்ந்து அதையே பார்த்தார். ஒரு குமிழிகூட வரவில்லை.

"சுத்தம்" என்றார் செந்தில்குமார்.

அரியலூரில் கமலவேணியின் குடோன் வாசலுக்கு வண்டி போய் நின்றபோது வெயில் மஞ்சளாகியிருந்தது. சிவப்பு நாற்காலிகள் கூரை உயரத்துக்கு அடுக்கியிருந்தன. நடுவில் ஒரு ஸ்டூலில் தட்டு, தட்டில் எலுமிச்சம்பழம், சூடம், பூ. கமலவேணி கனத்த உடம்புக்காரி. அதைவிடக் கனமான குரல். ஜெனரேட்டர் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியது. வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, முறைப்படி குறை சொன்னாள்: கலர் நன்றாக இல்லை, டயர் மொட்டை, இதற்கு மனசு வைத்து வாங்க என்னை விட்டால் ஆள் இல்லை. பிறகு ஒரு விலையைச் சொன்னாள். வெட்கப்பட வேண்டிய விலை. சொன்னவளுக்கே அது தெரியும். அதனால்தான் சொன்ன கையோடு, அடுத்த விலையை நாக்கு நுனியில் தயாராக வைத்திருந்தாள்.

"சரிம்மா" என்றார் பாய்.

கமலவேணியின் முகத்தில் இருந்த வியாபாரக் களை அப்படியே இறங்கியது. அய்யம்பெருமாளைத் தனியே கூப்பிட்டு விசாரித்தாள். வண்டிமேல் கேஸ் இருக்கிறதா? பைனான்ஸ் பாக்கியா? யார் மேலாவது ஏற்றினார்களா? உள்ளே யாராவது தூக்கு மாட்டிக்கொண்டார்களா? அய்யம்பெருமாள் அரும்பாவூர் சாமி அத்தனை பேரையும் இழுத்துச் சத்தியம் பண்ணினார். அவள் குனிந்து அடியில் டார்ச் அடித்தாள். கறுப்பாக ஒரு புது ஹோஸ் பளபளத்தது. இன்றைக்குத்தான் மாற்றியது என்று தெரிந்ததும் மிச்சம் இருந்த நம்பிக்கையும் போனது.

"வேணாம் பாய்" என்றாள். "சொன்ன வெலைக்கு சரின்னு சொல்ற ஆளுகிட்ட நான் பொருள் வாங்குனதில்ல. எனக்கு மனசு ஒப்பல. வண்டிய எடுத்துட்டுப் போங்க."

அய்யம்பெருமாள் பாயின் காதருகே வந்து, கொஞ்சமாவது ஏற்றிக் கேளுங்கள் மொதலாளி, ஒப்புக்காவது கேளுங்கள் என்று கெஞ்சினார். பாய் வாயைத் திறந்து பார்த்தார். ஒன்றும் வரவில்லை. வண்டி திரும்ப அந்த வாசலில் நிற்கும் என்பது மட்டும் தெரிந்தது. ஃபைஸா டாக்சியை விட்டு இறங்காமல் உள்ளேயே உட்கார்ந்திருப்பதும் தெரிந்தது.

கமலவேணி தட்டை எடுத்து உள்ளே வைக்கச் சொன்னாள். ஆனாலும் ஆசை விடவில்லை. கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று கேரவனுக்குள் ஏறினாள். ஏறுவதற்கு முன் முழங்காலில் கை வைத்தாள். இரும்புப் படியில் கால் ஊன்றினாள். சுலபமாக ஏறிவிட்டாள். இறங்கும்போது அந்தப் படியிலேயே நின்றுகொண்டு, காலால் தட்டிப் பார்த்தாள்.

"எல்லா வண்டிலயும் ஏணியில ஏறுற மாதிரி ஏற வெப்பாங்க. இதத்தான் யாரோ மனுசங்க ஏற வெச்சிருக்காங்க. யாரு போட்டது?"

"வூட்டுல கேட்டு வாங்குனது" என்றார் பாய். "பாடி கட்டுறவரு காசு கேட்டாரு. அவங்க செருப்ப மாட்டிக்கிட்டுக் கெளம்புனாங்க. இனாமாக் குடுத்துட்டாரு."

கமலவேணி வாய்விட்டுச் சிரித்தாள். "கெட்டிக்காரங்க. உங்களுக்குப் பதிலா அவங்க வந்திருக்கலாமே."

"மௌத்தாயிட்டாங்க. ஒரு வருஷமாச்சு."

அவள் சிரிப்பு நின்றது. பாயை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு, கணக்கு ஒன்று நேராகிவிட்டவள் மாதிரி மூச்சு விட்டாள்.

"அதான். அப்ப வண்டில கோளாறு இல்ல."

உள்ளே போன தட்டு மறுபடி வெளியே வந்தது. நான் சொன்ன விலைதானே என்று அவள் கேட்டாள். பாய் படியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் ஒரு முனை சம்மட்டி அடியில் நசுங்கி மடங்கியிருந்தது.

"வண்டிக்கு நீங்க சொன்ன வெல சரி" என்றார். "படிக்குத் தனி."

"என்னது?"

"படி வண்டியோட வந்ததில்ல. தனியா வெச்சது."

"இனாமா வந்ததுன்னு இப்பதானே பாய் சொன்னீங்க?"

"எனக்கு இனாம். உங்களுக்கு எதுக்கு இனாமா இருக்கணும்?"

கமலவேணி ஒரு நாற்காலியை உருவி அவருக்குப் போட்டாள். இன்னொன்றை உருவித் தனக்குப் போட்டுக்கொண்டு, டீ சொல்லி அனுப்பினாள். இப்போதுதான் அவளுக்கு மனசு குளிர்ந்தது. அதற்கப்புறம் நடந்ததை அய்யம்பெருமாள் ஊரில் பல நாள் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு படிக்கு ஒரு பஸ்ஸின் விலை வந்தது என்பார், அது மிகை. ஆனால் வண்டிக்குக் குறைத்தது எல்லாம் படியில் ஏறிக்கொண்டது உண்மைதான். முழங்கால் வலிக்கு ஊசி என்ன விலை என்று பாய் கேட்டார். கல்யாணப் பெண் பட்டுப்புடவையோடு ஏணியில் ஏறுவாளா என்று கேட்டார். குரல் ஏறவில்லை, இறங்கவில்லை. யாரோ எழுதிக் கொடுத்ததைப் படிப்பவர்போல் சொல்லிக்கொண்டே போனார். ஒரு கட்டத்தில் கமலவேணி இதற்கு மேல் முடியவே முடியாது என்றாள். பாய் எழுந்தார். தன் கால் செருப்பைத் தேடி மாட்டுவதை அவரே குனிந்து பார்த்தார். குடோன் வாசல்வரை நடந்தார்.

"நில்லுங்க பாய்" என்று கமலவேணி பின்னால் வந்தாள்.

பொழுது விழும் முன் எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு வைத்தாள். படிக்குத் தனியாகப் பூ வைத்தாள். அந்தப் படியை யாராவது அறுக்கச் சொன்னால் அவன் கையை அறுப்பேன் என்று அய்யம்பெருமாளிடம் சொன்னாள். பெயர் மாற்றும் வேலைக்கு அடுத்த வாரம் வரச் சொல்லி அனுப்பினாள்.

பெரம்பலூர் பஸ்ஸில் கூட்டமில்லை. பாய் ஜன்னலோரம் உட்கார்ந்தார். பக்கத்தில் அய்யம்பெருமாள். பஸ் கிளம்பியதும் பாயின் கை தானாகச் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தது. கட்டைவிரல் போய் அந்தப் பெயரின்மேல் நின்றது. ஜைனம்புவின் போன் வீட்டு அலமாரியில், சார்ஜ் இறங்கிக் கிடக்கிறது. விரலை எடுத்தார். ஃபைஸாவுக்கு, வண்டி போய்விட்டது என்று மட்டும் அனுப்பினார். போனைப் பைக்குள் போட்டார். கன்னம் எப்போதும்போல் மரத்தே இருந்தது.

ஓட்டுவதற்கு ஒன்றுமில்லாமல் கையை மடியில் வைத்திருந்த அய்யம்பெருமாள், கடைசியில் என்ன விலைக்கு முடித்தீர்கள் மொதலாளி, நான் அப்போது வண்டியை உள்ளே விடப் போய்விட்டேன் என்று கேட்டார். பாய் விலையைச் சொன்னார்.

அய்யம்பெருமாள் உதட்டைப் பிதுக்கினார்.

"இன்னும் கொஞ்சம் இழுத்திருக்கலாம் மொதலாளி."

பாய் அவரைத் திரும்பிப் பார்த்தார். அவர் வெளியே ஒரு லாரியின் டயரைப் பார்த்துக்கொண்டு, சும்மாதான் சொல்லியிருந்தார். பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்றது. கீழே எங்கோ காற்று சுஸ்ஸென்று ஏறி, சக்கரம் இளகி, மறுபடி நகர்ந்தது.

"ஆமா" என்றார் பாய். குரல் அவருக்கே அடையாளம் தெரியவில்லை. "இழுத்திருக்கலாம்."